சுபம் போட்ட பொறகு வந்த குதிரை

சிரி கண்ணு, சிரி. அதுக்கென்ன இப்ப. பஸ்ஸே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்குது. டிரைவருக்குப் பின்னால தொப்பி போட்டுட்டு உக்காந்திருக்கறாரே, அவரைப் பாத்துத்தான சிரிக்கற? வேட்டி, சட்டை, தோள்ல துண்டு, தலையில கௌபாய் தொப்பி. அது என்ற ஊட்டுக்காரருதான். பேரு சென்னியப்பன். நான் பூவாத்தா. கேட்டா, நெஞ்சு ஆப்பரேசன் பண்ணின ஒடம்பு, வெய்யில் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லுவாரு. டாக்டர் கொடை புடிக்கச் சொன்னாரு. தொப்பி இவரா வாங்கி மாட்டிக்கிட்டது.

சித்தெ தள்ளி உக்காரு. இந்தப் பையி உன்ற மடியிலயே இருக்கட்டும். நான் ஏன் அவரு பக்கத்துல உக்காரலன்னு பாக்கறயா? செயிச்சவளும் தோத்தவரும் ஒரே சீட்டுல உக்காந்தா நல்லாவா இருக்கும்? இன்னைக்கு நான் செயிச்சுட்டன் கண்ணு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்களுக்குள்ள ஒரு வழக்கு. இன்னைக்குத் திருப்பூர்ல, ஒரு மண்டபத்துல, ரெண்டு ஊரு சனத்துக்கு முன்னால தீர்ப்பாயிருச்சு. நீ எங்க எறங்கற? ஊத்துக்குளிக்கு அக்கட்டாலயா? அப்ப நல்லதாப் போச்சு. நான் முன்னாலயே எறங்கிருவன். அதுக்குள்ள சொல்லிர்றன்.

வழக்கு ஒரு சினிமாவைப் பத்தி. படத்துப் பேரு 'சூறாவளி கோமளா'. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட, உன்ற அம்மாளுக்கே தெரிஞ்சிருக்காது. கௌபாய் படம். அமெரிக்காவுல நடக்கற கதையாமா, எடுத்ததெல்லாம் இங்க ஏதோ மலையடிவாரத்துல. பின்னால பனமரம் நிக்கும். கொள்ளைக்காரங்க பாலைவனத்தைத் தாண்டிக் குதிரையில போவாங்க, தூரத்துல கரண்டுக் கம்பம் வரிசையாத் தெரியும். குதிரை மொத்தமே நாலுதான். ஒரு பாறையச் சுத்தி வரும், மறுபடியும் அதே பாறையச் சுத்தி வரும், பாத்தா பெரிய கும்பலே போற மாதிரி இருக்கும். அதுல ஒரு குதிரைக்கு வால்ல சடை பின்னி உட்டிருந்தாங்க. அது வாரப்ப எல்லாம் "டேய், சடைக்காரி மறுபடியும் வாரா!"ன்னு கொட்டாயே கத்தும்.

துப்பாக்கியில ஒருக்கா குண்டு போட்டா தீபாவளி முடியற வரைக்கும் சுடும். செத்துக் கெடக்கறவன் மூக்குல உக்காந்த ஈயை ஓட்டுவான். கதாநாயகன் பேரு பிரதாப். அவன் தோள்ல ஒரு போர்வை போட்டிருப்பான், அது அந்த நாட்டுப் போர்வையாமா. பவானி ஜமக்காளம் கண்ணு! நடுவுல ஓட்டை போட்டுத் தலைய உட்டிருக்கறான். எங்க ஊட்டுலயும் அதே கரை போட்ட ஜமக்காளம் ஒண்ணு இருந்துச்சு. படம் பாத்த மறுநாளே நான் அதுக்கு நடுவுல கத்தரிய வெச்சுட்டன். எங்கம்மா அடிச்ச அடி, அது தனிக் கதை. கோமளான்னா பாங்கிக்காரர் மக. பேண்டு, பூட்ஸு, இடுப்புல துப்பாக்கி, தலை நெறய மல்லிப்பூ, பூவுக்கு மேல தொப்பி. அவளை மாதிரி ஒருத்திய நான் அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாத்ததில்ல.

என்ற மகன் திருமூர்த்தி கேப்பான், "இதெல்லாம் ஒரு படமாம்மா?"ன்னு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறான். அவனுக்கு என்ன தெரியும்? இப்ப வார பெரிய படத்துல எல்லாத்தையும் அவங்களே செஞ்சுர்றாங்க. மலை வேணுமா, மலை. கடல் வேணுமா, கடல். நாம சும்மா வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கறோம். இந்தப் படத்துல பாதி வேலை நம்மளது. இது அமெரிக்கான்னு நாமதான் நம்போணும். நாலு குதிரைய நாப்பதுன்னு நாமதான் எண்ணோணும். அவங்ககிட்ட காசு இல்ல, எங்ககிட்டயும் இல்ல. ரெண்டு பேரும் சேந்து ஒரு அமெரிக்காவைக் கட்டுனோம். அந்தச் சந்தோசம் எனக்கு அப்பறம் எந்தப் படத்துலயும் கெடைக்கல, அதைச் சொல்லறதுல எனக்கென்ன வெக்கம்.

சரி, வழக்குக்கு வாரன். எங்க ஊரு சின்னக்காளிபாளையம். அங்க ஒரு டூரிங் கொட்டாய். நான் பாவாடை தாவணி போட்டிருந்த வயசு. மொத நாளே போயிட்டோம். படம் ஆரம்பிச்சு நல்லாத்தான் போச்சு. பிரதாப்பும் கோமளாவும் சண்டை போட்டுக்கறாங்க, அப்பறம் ஒருத்தரையொருத்தர் பாத்துச் சிரிக்கறாங்க, டக்குனு படம் நின்னுபோச்சு. திரை வெள்ளையா நிக்குது. நேரமாகுது, ஒண்ணும் வரல. ஆம்பளைங்க பக்கமிருந்து மண்ணை வாரி எறியறாங்க. ஒரு வழியா ஒருத்தர் சைக்கிள்ல படப்பொட்டியோட வந்து எறங்கினாரு. மறுபடி ஓட்டினாங்க.

பாத்தா, பிரதாப் கறுப்புக் குதிரையில வாரான். பாறைக்குப் பின்னால இருந்து ஒத்தக்கண்ணுச் சங்கிலி சுடறான், அவன்தான் வில்லன். பிரதாப் மலை உச்சியில இருந்து விழுகறான். விழுந்தது பொம்மைதான், ஒரு கை தனியாக் கழண்டு வந்துச்சு, இருந்தாலும் நாங்க அழுதோம். கோமளா வளையலை ஒடைக்கறா. "எப்படா இவங்களுக்குக் கல்யாணம் ஆச்சு?"ன்னு எங்க அண்ணன் நாச்சிமுத்து கேட்டான். "சொல்லாமக் கொள்ளாமக் கட்டிக்கிட்டாங்க போல"ன்னு யாரோ சொன்னாங்க. அப்பறம் கோமளா துப்பாக்கியத் தூக்கறா, சங்கிலியச் சுடறா, தனியாக் குதிரையேறிப் போறா. சுபம்னு போட்டாங்க.

எல்லாரும் எந்திரிச்சுட்டோம். பாவாடையில மண்ணைத் தட்டிக்கிட்டிருக்கறோம். கண்ணைத் தொடைக்கறோம். திடீர்னு திரையில மறுபடியும் வெளிச்சம். ஒரு குதிரை வருது. வெள்ளைக் குதிரை! அது மேல யாரு? பிரதாப்! அதே ஜமக்காளத்தைப் போட்டுக்கிட்டு, கொய்யாப்பழத்தைக் கடிச்சுக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வாரான் கண்ணு! எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, ரெண்டு வெரலை வாயில வெச்சன். அதுவரைக்கும் எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. எங்கிருந்துதான் வந்துச்சோ, கொட்டாய்க் கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஒரு விசில். பொம்பளைங்க பக்கத்துல இருந்து! அதுக்கப்பறந்தான் ஆம்பளைங்களுக்கே அடிக்கோணும்னு தோணுச்சு. துண்டைத் தூக்கி எறியறாங்க, பாட்டிமாருங்க கன்னத்துல போட்டுக்கறாங்க, நாச்சிமுத்து கம்பத்துல ஏறிட்டான்.

அப்பறம் கல்யாணம், அருவியில பாட்டு. பாட்டுல பிரதாப்போட மீசை தண்ணியில பாதி கழண்டு தொங்கும், அவன் சிரிச்சுக்கிட்டே ஒரு கையில புடிச்சுக்குவான். கடைசியா வாசல்ல குதிரையேறி, தொப்பியத் தூக்கி, "போயிட்டு வாரன் கோமளா"ன்னு சொல்லிட்டுப் போறான். அதோட படம் முடிஞ்சுது. எத்தன நல்ல முடிவு பாரு. ஒருக்கா செத்தே திரும்பி வந்தவன், வேலைக்குப் போயிட்டு வரமாட்டானா? நாங்க எல்லாரும் நிம்மதியா ஊட்டுக்குப் போனோம்.

மறுநாள் என்ன பண்ணினாங்க தெரியுமா? கொட்டாய்க்காரங்க எங்களை ஏமாத்தப் பாத்தாங்க. படத்தை மாத்திப்போட்டு ஓட்டினாங்க. மொதல்ல கல்யாணம், அருவி, போயிட்டு வாரன், கடைசில சாவு, சுபம், விளக்கைப் போட்டுட்டாங்க. ஒருத்தராவது எந்திரிக்கோணுமே! "சுபத்துக்கு அப்பறம் வார குதிரை எங்கடா?"ன்னு ஊரே கத்துச்சு. "குதிரைய வெட்டிட்டான்டா!"ன்னு ஆப்பரேட்டரை ரூமை உட்டு வெளிய இழுத்துட்டாங்க. மொதலாளி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. "உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படியே ஓட்டறனுங்க"ன்னாரு. அதுக்கப்பறம் படம் ஓடின நாளெல்லாம் ஒழுங்கா, சரியா ஓட்டினாங்க. எங்க ஊர்க்காரங்க விவரமானவங்க கண்ணு, லேசுல ஏமாத்த முடியாது.

இவரு ஊத்துக்குளிக்காரரு. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, தனியாப் பேசோணும்னு கேட்டாரு. அந்தக் காலத்துல அதே பெரிய தைரியம். வந்து நின்னு, என்ன கேக்கறதுன்னு தெரியாம, "உனக்குப் புடிச்ச படம் எது?"ன்னு கேட்டாரு. "சூறாவளி கோமளாங்க"ன்னன். மனுசன் மொகத்தைப் பாக்கோணுமே! "எனக்கும் அதேதான் புள்ள! எத்தன தடவை பாத்தன்னு கணக்கே இல்ல!"ன்னு துள்ளிக் குதிச்சுட்டாரு. "முடிவு நல்லாருக்குமில்லீங்க?"ன்னன். "அந்த முடிவுக்குத்தான் புள்ள போறதே!"ன்னாரு. அவ்வளவுதான், கல்யாணம் நிச்சயமாயிருச்சு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவிருந்துல பாயாசம் சாப்பிட்டுக்கிட்டே இவரு சொல்லறாரு, "அவன் செத்ததும் கோமளா தனியாப் போவா பாரு, அங்க நான் துண்டால கண்ணைத் தொடைச்சுக்குவன்"னு. "அப்பறம் அவன் திரும்பி வருவானுங்களே"ன்னன். பாயாச டம்ளரைக் கீழ வெச்சுட்டாரு. அன்னைக்கு ஆரம்பிச்சுது.

இவரு சொல்லற கதையக் கேளு. அந்தப் படத்துக்கு ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே பிரிண்டுதானாமா. ஊத்துக்குளியில ஓட்டி முடிச்ச சுருளைப் பொட்டியில போட்டு, சைக்கிள்ல எங்க ஊருக்கு அனுப்புவாங்களாமா. மூணு பொட்டி. அன்னைக்கு ரயில்வே கேட்டுல கூட்ஸு வண்டி நின்னு, நடுப்பொட்டி அக்கட்டால மாட்டிக்கிச்சாமா. கடைசிப் பொட்டிக்காரர் ரெண்டு வேலிக்கு நடுவால போற இட்டேரி வழியாக் குறுக்கால பூந்து முன்னால வந்துட்டாராமா. ஆப்பரேட்டர் மண்ணடிக்குப் பயந்து வந்ததை மாட்டிட்டாராமா. "பொட்டி மாறிப்போச்சு புள்ள, நீங்க பாத்தது படமே இல்ல, ரயில்வே கேட்டு பண்ணின கூத்து"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

நான் உடுவனா? "சரிங்க, கதாநாயகன் செத்து, அவ வளையலை ஒடைச்ச படத்துக்கு எவனாச்சும் சுபம்னு போடுவானுங்களா?"ன்னு கேட்டன். "வில்லன் செத்தானில்ல, அதுக்குப் போட்டது"ன்னாரு. "கறுப்புக் குதிரை எப்படி வெள்ளையாச்சு?"ன்னன். "வெள்ளைதான் மொதல்ல, கடைசிச் சண்டைக்குக் கரி பூசுனாங்க, அவங்ககிட்ட இருந்தது ஒரே நல்ல குதிரை"ங்கறாரு. செத்துப் பொழச்சு வந்தா வெளுக்காதா? இது ஒரு கேள்வியா? "சரி, செத்த சங்கிலி அப்பறம் கல்யாண ஊட்டுக்கு எப்படி வந்தான்?"னு மடக்குனாரு ஒரு நாள். அது சங்கிலியோட தம்பி கண்ணு. அதைக்கூட கவனிக்கல இவரு. அண்ணனுக்குத் துணி கட்டுனது எடது கண்ணுல, தம்பிக்கு வலது கண்ணுல. வேணும்னா படத்தைப் பாரு. எங்க ஊர்ல சின்னக் கொழந்தையும் சொல்லும். "அது படம் எடுத்தவன் மறந்து மாத்திக் கட்டினது"ன்னு தலையில அடிச்சுக்குவாரு. பதில் சொல்ல முடியலன்னா அப்படித்தான்.

இப்படியே சண்டை போட்டுப் புள்ளையப் பெத்து, வளத்து, கல்யாணம் பண்ணிவெச்சு எல்லாம் ஆச்சு. மத்தவங்க ஊட்டுல காசு பணத்துக்குச் சண்டை, எங்க ஊட்டுல பிரதாப்புக்குச் சண்டை.

போன வருசம் இவருக்கு நெஞ்சு வலி வந்துருச்சு கண்ணு. ஆப்பரேசன்னுட்டாங்க. தள்ளுவண்டியில படுக்க வெச்சு உள்ள கொண்டுபோறாங்க. என்னையப் பாத்து, "போறன் புள்ள"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். நர்ஸம்மா, டாக்டரு எல்லாம் நிக்கறாங்க. "போயிட்டு வாரன்னு சொல்லுங்க! சொல்லாம உள்ள உடமாட்டன்!"னு வண்டியப் புடிச்சுக்கிட்டன். சொல்லல மனுசன். கண்ணை மூடிக்கிட்டாரு. ஆப்பரேசன் நல்லாத்தான் ஆச்சு. ஒடம்பு திரும்பி வந்துச்சு, ஆளு வரல. செவுத்தைப் பாத்து நாற்காலியில உக்காந்துக்கறது. காப்பி வேணுமான்னு கேட்டா, "சுபம் போட்டாச்சு, இனிக் காப்பி எதுக்கு?" நடக்கப் போலாம் வாங்கன்னா, "சுபம் போட்டாச்சு புள்ள." எதுக்கெடுத்தாலும் அதே பேச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு கண்ணு. சண்டை போடாத மனுசனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

இதுக்கு நடுவுல திருமூர்த்தி, ரெண்டு பேரும் பெங்களூருக்கே வந்துருங்க, ஊட்டைப் பூட்டிரலாம்னான். இவரு "சரி"ன்னுட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. நான் அந்தப் பெங்களூரைப் பாத்திருக்கறன். நல்ல ஊருதான், மருமகளும் தங்கமான புள்ளதான். ஆனா அங்க பன்னெண்டாவது மாடி. ஒரு நாள் டிவியில ஏதோ குதிரைப் படம் வந்துச்சு, என்னைய அறியாம அடிச்சன் ஒரு விசில். பக்கத்து ஊட்டுக்காரங்க செக்யூரிட்டியக் கூப்பிட்டுட்டாங்க! அவன் வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு இங்கிலீசுல கேக்கறான். அந்த ஊட்டுல இவரு ஒரு செவுத்தைப் பாத்துக்கிட்டு, நான் ஒரு செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தா, அதுதான் கண்ணு நெசமான சுபம்.

அப்பத்தான் சேதி வந்துச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனிப் பசங்க கொஞ்சம் பேரு, பழைய கௌபாய் படம்னா பைத்தியம், அதுக்குன்னே ஒரு சங்கம் வெச்சிருக்கறாங்க. அவங்களுக்கு எங்கியோ 'சூறாவளி கோமளா' சுருள் கெடைச்சு, ஒவ்வொரு சுருளாக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்களாமா. ஞாயித்துக்கெழமை காலையில மண்டபத்துல போடறாங்க, யாரு வேணா வரலாம்னு. நான் நேரா இவரு நாற்காலிக்கு முன்னால போயி நின்னன். "சுபம் போட்டதுக்கப்பறம் பிரதாப் வந்தான்னா, நாம ஊட்டைப் பூட்டறதில்ல. நீங்களும் அந்த வார்த்தைய இனிச் சொல்லக்கூடாது. வரலைன்னா, நான் வாயைத் தொறக்காம பெங்களூருக்கு வாரன்"னன். ஆப்பரேசனுக்கப்பறம் மொத தடவையா சிரிச்சாரு. "அப்பப் பொட்டி படுக்கையக் கட்டிக்க புள்ள"ன்னாரு.

கட்ட ஆரம்பிச்சன். பந்தயம்னா பந்தயம். அண்டா குண்டாவ எல்லாம் சாக்குல போட்டன். இவரு பாத்துக்கிட்டே இருந்தாரு. திடீர்னு, "ஏ புள்ள, ஒரு விசில் அடி"ன்னாரு. எதுக்குங்கன்னன். "சும்மா அடி, கேட்டு நாளாச்சு"ன்னாரு. வெரலை வெச்சு ஊதுனன். வரல கண்ணு. வெறுங்காத்துதான் வந்துச்சு. மறுபடி ஊதுனன், வரல. எனக்குப் பல்லுசெட்டு கட்டியிருக்கறாங்க, அதனாலதான். அதையே சொன்னன். இவரு ரொம்ப நேரம் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

மறுநாள் காலையில பாத்தா, சட்டை போட்டு, தலைசீவி நிக்கறாரு. எங்கீங்கன்னா, திருப்பூருக்காம். மண்டபத்துல நாற்காலி எல்லாம் சாய்ஞ்சு உக்கார்றாப்பல நல்லா இருக்குதான்னு பாத்துட்டு வாராராம். நாற்காலி பாக்க அத்தன தூரம் போறவரை நீ பாத்திருக்கறயா? ஆனா நான் ஒண்ணும் கேக்கல. செவுத்தை உட்டு எந்திரிச்சாரே, அதுவே போதும். வாசப்படியில நின்னு, "போயிட்டு வாரன் புள்ள"ன்னாரு. சாயங்காலந்தான் வந்தாரு, இந்தத் தொப்பியோட. மொகமெல்லாம் களைப்பு, கண்ணுல மட்டும் என்னமோ குறும்பு. செயிக்கப்போறம்கற திமிருன்னு நெனச்சுக்கிட்டன்.

இன்னைக்குக் காலையில மண்டபத்தை நீ பாத்திருக்கோணும் கண்ணு. ஊத்துக்குளிச் சனம் ஒரு பக்கம், எங்க ஊர்ச் சனம் டெம்போ வெச்சு வந்து ஒரு பக்கம். அத்தன பேருக்கும் நரைச்சுப்போச்சு, அத்தன பேரும் கால்ல சலங்கை கட்டின மாதிரி ஆடிக்கிட்டிருக்கறாங்க. நாச்சிமுத்துவுக்கு மூட்டு மாத்தியிருக்குது, அவன் வாசல்ல நொழைஞ்சதும் ஏறறதுக்குக் கம்பம் இருக்குதான்னு பாக்கறான். படம் போட்டாங்க. சடைக்காரி வந்தா! பாறையச் சுத்தி மறுபடியும் வந்தா! ரெண்டு ஊரும் சேந்து கத்துச்சு. பிரதாப்பும் கோமளாவும் பாத்துச் சிரிச்சாங்க, அங்க படம் நின்னுச்சு. அடுத்து வந்தது கறுப்புக் குதிரை!

ஊத்துக்குளிக்காரங்க "என்னடா இது, இது கடைசியில வாரதாச்சே"ன்னு மொகத்தை மொகத்தைப் பாக்கறாங்க. மெட்ராஸ்ல இருந்து ஒரு தாடிக்காரர் வந்திருந்தாரு, பழைய படங்களைப் பத்திப் புத்தகம் எழுதறவராமா. அவரு எந்திரிச்சு, "தப்பு, தப்பு, சுருள் மாறியிருக்கு, நிறுத்துங்க"ன்னு கத்தறாரு. படிச்சவங்களுக்கே தெரியறதில்ல பாரு. இவரு ஓடிப்போயி அந்தத் தாடிக்காரர் தோள்ல கையப் போட்டு, "வாங்க சார், ஒரு டீ சாப்புடலாம்"னு வெளிய கூட்டிட்டுப் போயிட்டாரு. தான் தோக்கறதைக் கண்ணால பாக்க முடியல, அதுக்கு ஒரு சாக்கு.

சங்கிலி செத்தான். கோமளா தனியாப் போனா. சுபம்னு போட்டாங்க. திரை இருண்டுபோச்சு. எனக்கு அந்த இருட்டுல பெங்களூரு செக்யூரிட்டி மொகம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள இவரு திரும்பி வந்து என்ற பக்கத்துல உக்காந்துட்டாரு. கம்ப்யூட்டர் பையன் பின்னால இருந்து குனிஞ்சு இவருகிட்ட, "ஐயா, அடுத்ததும் நீங்க சொன்ன மாதிரியேங்களா?"ன்னு கேட்டான். இவரு தலைய ஆட்டுனாரு. சத்தம் கூட வெக்கறதைக் கேட்டிருப்பான், இவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

வந்துச்சு கண்ணு! வெள்ளைக் குதிரை! ஜமக்காளம்! கொய்யாப்பழம்! எங்க ஊரு மொத்தமும் எந்திரிச்சுருச்சு. நாச்சிமுத்து நாற்காலி மேல ஏறிட்டான், மூட்டாவது ஒண்ணாவது. நான் வெரலை வாயில வெச்சன். பல்லுசெட்டாவது கில்லுசெட்டாவது, வந்துச்சு பாரு ஒரு விசில், மண்டபத்து ஜன்னல் எல்லாம் அதிருது. எனக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது, நான் அடிச்சுக்கிட்டே இருக்கறன். திரும்பிப் பாத்தா, இவரு படத்தையே பாக்கல. என்னையப் பாத்துக்கிட்டு இருக்கறாரு. பாவம், எந்த மொகத்தை வெச்சுக்கிட்டுத் திரையப் பாப்பாரு?

பிரதாப் "போயிட்டு வாரன் கோமளா"ன்னு போனதும் வெளக்கைப் போட்டாங்க. இவரு எந்திரிச்சாரு. ரெண்டு ஊருக்கும் முன்னால, தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, "இத்தன வருசமா பூவாத்தா சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. நாங்க பெங்களூருக்குப் போகல"ன்னாரு. அங்கியே திருமூர்த்திக்குப் போன் போட்டுச் சொல்லிப்புட்டாரு. ஊத்துக்குளிக்காரங்க அவரை அடிக்காத கொறைதான். "நம்ம ஊரு மானத்தை வாங்கிட்டியேடா சென்னி"ன்னு அவரு கூட்டாளி ஒருத்தர் அழுகறாரு. இவரு டீ வாங்கிக் குடுத்துச் சமாதானம் பண்றாரு. அந்தத் தாடிக்காரர்கூட கடைசியில என்னையக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, "ஐயா எல்லாத்தையும் சொன்னாரும்மா"ன்னாரு. தன்னோட தப்பை ஒத்துக்கிட்டதைச் சொல்லியிருப்பாரு, வேறென்ன.

ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு எனக்குப் புரியல. தோத்த மனுசனுக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் வேண்டாமா? ஊரு முன்னால மூக்கு அறுபட்டு வாராரு. பஸ் ஏறினதுல இருந்து அதே இளிப்பு. அந்தா பாரு, திரும்பிப் பாக்கறாரு. தொப்பியத் தூக்கிக் காட்டறாரு, என்னமோ இவரு செயிச்ச மாதிரி! நீயே சொல்லு, தோத்தவன் மொகமா அது?

என்ன, நீயும் அவரையே பாத்துச் சிரிக்கற? கண்ணுல எதுக்குத் தண்ணி? தூசி விழுந்துருச்சா?

அட, எங்க ஸ்டாப்பு! கண்டக்டர் தம்பி! தம்பீ! எங்க, போனைப் பாத்துக்கிட்டு நிக்கறான், காதுல உழுகாது. இரு, அந்தப் பையைக் குடு. சித்தெ காதைப் பொத்திக்க கண்ணு.